லோகநாயகியின் இருபத்து நான்கு பக்கங்கள்

லோகநாயகி அக்கா என் படங்கள் பிடித்துப்போய்த்தான் என்னைத் தேடி வந்தார் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று தெரிந்த பிறகும் அவரோடுதான் இருக்கிறேன். எப்படி இருக்க முடிகிறது என்று என் அம்மாவே கேட்டாயிற்று. சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் வரும்.

என் பெயர் ஷபானா. அப்பா கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைகளில் நாவலூர் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஏதாவது கதைப் புத்தகம் வாசிப்போம். அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கதையை வரைவார்கள்.

லோகநாயகி அக்கா செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். ஊரப்பாக்கத்தில் வீடு. கணவர் ஸ்டான்லி ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர் இரண்டும் முடித்து இருபது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன. நடுவில் பிள்ளைகளுக்கான புத்தகங்களும் வரும். அவற்றை அடிக்கும்போதுதான் அவருக்குக் கோபம் வருமாம். ராஜா ஏரி வெட்டினார் என்று ஒரு புத்தகத்தில் இருந்ததைக் காட்டி, ராஜா என்றைக்காவது மண்வெட்டியைக் கையால் தொட்டிருப்பாரா என்று முதலாளியிடமே கேட்டிருக்கிறார். அப்படியானால் நீயே எழுது என்று முதலாளி விளையாட்டாகச் சொன்னதை இவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் புத்தகம் சுனாமி பற்றியது. கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பிள்ளைகளுக்காக எழுதினார். அச்சுக்குப் போகும் முன் அங்கேயே போய் வாசித்துக் காட்டினார். 'தம்பி கடலோடு போய்விட்டான்' என்ற இடத்தில் ஒரு சிறுமி கையைத் தூக்கி, போனான் என்றால் திரும்பி வருவானா என்று கேட்டாளாம். அக்கா அங்கேயே அந்த வரியை அடித்துவிட்டு 'தம்பி இறந்துவிட்டான்' என்று எழுதினார். பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பொய் சொல்வதில்லை என்பது அன்றைக்கு எடுத்த முடிவு. இரண்டாவது புத்தகம் அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களைப் பற்றியது. இரண்டையும் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் வெளியிட்டது. பிரதீபா என்பவர் அதன் ஆசிரியர்.

மூன்றாவது புத்தகத்தோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்து நான்கு பக்கம், ஐம்பத்து மூன்று வாக்கியம். படிக்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் இருந்தது அவருடைய ஊரில், அவருடைய வீட்டில் நடந்தது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே உள்ளே தள்ளி இருக்கிறது கொன்றைக்கரணை. எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாத அறுவடையின்போது காலனி ஆட்கள் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். ஊரில் பாதி நிலம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டுக்காரர் வாசுதேவன் தர முடியாது என்றார். இவர்கள் வயலில் இறங்கவில்லை. இருபது நாள் அப்படியே போயிற்று. கடைகளில் இவர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்று சொல்லிவைத்துவிட்டார்கள். கடைசி மூன்று நாள் காலனியில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பொங்குவதற்கு ஒரு பிடி அரிசி கிடையாது.

நான்காம் நாள் மத்தியானம் ஆண்கள் தாலுகா ஆபீசுக்குப் பேச்சுவார்த்தைக்காக நடந்து போயிருந்தார்கள். பெண்கள் கீரையும் நத்தையும் கிடைக்குமா என்று வாய்க்கால் பக்கம் போனார்கள். செங்கம்மாள் நான்கு வயது லோகநாயகியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். மூத்த மகள் அஞ்சலைக்கு ஆறு வயது. அம்மை போட்டு வேப்பிலைமேல் படுத்திருந்தாள். அம்மை கண்ட பிள்ளையை வெயிலில் தூக்கிப் போகக்கூடாது, அந்த வீட்டுக்குள் வேறு யாரும் வரவும் மாட்டார்கள். அதனால் தனியாக விட்டுப் போனார். படலைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாராம். அடுப்புக்குள் பூனை சுருண்டு படுத்திருந்தது. சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது முப்பத்தொரு குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன.

பனைமேல் ஓலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்திருக்கிறார். பெரிய வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வாசுதேவன் வரப்பில் குடை பிடித்து நின்றார். பனையேறி சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியது வேறு. 'செங்கம்மாள், க/பெ. வரதன், என்பவர் அடுப்பை அணைக்காமல் கவனக்குறைவாக வெளியே சென்றதில் தீப்பொறி பறந்து மேற்படி குடிசைகள் எரிந்தும், மேற்படியாரின் மகள் அஞ்சலை இறந்தும்' என்று இருக்கிறது. அடுப்பில் பூனை தூங்கியது என்று செங்கம்மாள் சொன்னபோது, பூனையைச் சாட்சிக்குக் கூட்டி வா என்று சிரித்தார்களாம். நிவாரண அரிசி கொடுத்த அதிகாரி, நீதானே அது என்று கேட்டுவிட்டுத்தான் அளந்தார். சில வருஷம் போனதும் காலனியிலேயே குழாயடிச் சண்டைகளில் 'ஊரையே கொளுத்தினவ' என்ற பேச்சு வந்தது. எத்தனை பேர் அதை நம்பிச் சொன்னார்கள், எத்தனை பேர் ஆத்திரத்தில் சொன்னார்கள் என்று தெரியாது. செங்கம்மாள் அதன் பிறகு குழாயடிக்குக் கடைசி ஆளாகத்தான் போவார்.

வரதன் இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் அந்தப் போலீஸ் பதிவின் நகல் இருந்தது. லோகநாயகிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவரை காதால் கேட்டிருந்ததை எழுத்தில் படித்தார். அம்மாவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள் என்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை. மறுநாள் அச்சகத்தில் அதை அப்படியே டைப் செய்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டார். இருபது வருஷம் வைத்திருந்தார்.

கேஸ் போடலாமே, பத்திரிகைக்கு எழுதலாமே, இதை ஏன் குழந்தைகளுக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கோர்ட்ல, பேப்பர்ல எல்லாம் பெரியவங்கதான் கீறாங்க," என்றார். "பெரியவங்களுக்கு நாப்பத்தஞ்சு வருசமா இது புரியல. அடுப்பே பத்தவெக்காத வூட்ல அடுப்புத் தீ எப்படி வரும்? இத்தக் கேக்க எட்டு வயசு போதும்."

நான் வரைய ஒப்புக்கொண்டேன்.

பிரதீபாவுக்குக் கைப்பிரதி பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. அஞ்சலை கடைசியில் வானத்தில் நட்சத்திரமாவது போல் முடிக்கலாமா என்றார். 'யாரோ தீ வைத்தார்கள்' என்று போதுமே என்றார். இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் படம் ஒன்று கடைசிப் பக்கத்தில் இருந்தால் பள்ளிகள் வாங்கும் என்றார். அக்கா பத்துப் பன்னிரண்டு சொற்களை மாற்றிக் கொடுத்தார். இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. நட்சத்திரம் என்று எழுதினால் பிள்ளைகள் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் அவர்களை அந்த வீட்டைப் பார்க்கவைக்க வேண்டும் என்றார். ஆனால் வக்கீல் சொன்னபடி பெரிய வீட்டுக்காரர் பெயரும் ஊர் பெயரும் வரக்கூடாது என்று பிரதீபா சொன்னதும் உடனே சரி என்றுவிட்டார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொன்றைக்கரணைக்குக் கூட்டிப் போனார். பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. மாடி வீடு. வாசல் தூண்கள் இரண்டின்மேலும் சுதையில் செய்த சிங்கங்கள். இடது பக்கத்துச் சிங்கத்துக்குக் கீழ்த்தாடை உடைந்திருந்தது. அதை அப்படியே வரை, தாடையை ஒட்டவைத்துவிடாதே என்றார். நான் வரைந்தேன். தீயை நான் வரையவில்லை. பதினான்கு, பதினைந்தாம் பக்கங்கள் முழுக்க ஓர் அடுப்பு, அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. அடுத்த பக்கத்தில் சிங்க வாசலிலிருந்து கிளம்பும் ஏழு ஜோடிக் கால்கள். அதற்கடுத்த பக்கத்தில் பூனை மட்டும் வெட்ட வெளியில் நின்றது. 'அடுப்பில் பூனை' என்று தலைப்பு வைத்தார். இரண்டாயிரம் பிரதி, அவருடைய அச்சகத்திலேயே அடித்தார்கள். முதல் கட்டு பைண்டிங்கிலிருந்து வந்ததும் ஐந்து பிரதிகளை என் கையில் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பில் வாசியேன் என்றார்.

வாசித்தேன். அன்றைக்குப் பதினோரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அனு என்ற ஒன்பது வயதுப் பெண் வழக்கம்போல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் பக்கத்துக்கு வந்ததும் சிங்கத்தின் உடைந்த தாடைமேல் விரலை வைத்தாள்.

"மிஸ், இது எங்க வில்லேஜ் வீடு."

எல்லா வில்லேஜ் வீடும் இப்படித்தான் இருக்கும் என்று ஏதோ சொல்லி மேலே வாசித்தேன். பூனைப் படம் வந்ததும் அவள் மறுபடி நிறுத்தினாள். பூனை தூங்குகிறது என்றால் அடுப்பு சூடாக இல்லை, அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவளே பக்கத்தைத் திருப்பினாள். கால்களை எண்ணினாள்.

"எங்க வீட்லேர்ந்தா மிஸ்?"

ஒரு பிரதியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் வாசலுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார். பிறகு, "எத்தினி மணிக்கு எடுத்துகினு போச்சு?" என்றார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் புரிந்துவிட்டது.

மறுநாள் ஊரப்பாக்கம் போனேன். அவர் மறைக்கவில்லை. வாசுதேவன் எண்பது வயதுக்கு மேல் ஆகி, பேரன் ஹரிஹரனோடு நாவலூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார் என்பது அவருக்கு முன்பே தெரியும். பேரன் இணையத்தில் போட்ட ஒரு படத்தில், ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நான் நின்றிருந்தேன். கீழே என் பெயரும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டு விலாசத்தை விசாரித்திருக்கிறார்.

"என் படத்துக்காக வரலை. என் சனிக்கிழமைக்காக வந்தீங்க," என்றேன்.

"ஆமா," என்றார். "படமும் நல்லாத்தான் கீது."

ஸ்டான்லி அண்ணன் டூட்டிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "அந்தப் பாப்பா இன்னா பண்ணிச்சு லோகா? அதுக்கு ஒம்போது வயசு," என்றார்.

"அஞ்சலைக்கு ஆறு," என்றார் அக்கா.

நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்க மாட்டேன், கேட்டால் அது பொய்யாகிவிடும் என்றார். இரண்டு மாதம் நான் அவர் போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் நடந்தவை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று எனக்குச் செய்தி வந்தது. பதிப்பகத்துக்கு ஹரிஹரன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பிரதீபா பயந்து, அனுப்பாமல் மிச்சமிருந்த பிரதிகளை நிறுத்திவைத்தார். பிறகு ஒரு நாள் ஹரிஹரனே செங்கல்பட்டு அச்சகத்துக்கு நேரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கத்தவில்லை என்று அக்காவே சொன்னார். அனு அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கொள்ளுத் தாத்தாவிடம் புத்தகத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அது அடுப்புத் தீ என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுப்பில் பூனை இருந்ததே என்று இவள் கேட்க, அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். தினமும் இரண்டு வேளை அவருக்குக் கண்ணில் மருந்து விடுவது அனுவின் வேலை. அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் போவதில்லை.

"நான் அப்ப பொறக்கவே இல்லைங்க. என் பொண்ணு எதுக்கு இதைச் சொமக்கணும்?" என்று ஹரிஹரன் கேட்டாராம்.

அக்கா கோப்பைத் திறந்து அந்த நகலைக் காட்டினார். இதை என் அம்மா சுமக்கிறார் என்றார். அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, தன் நிபந்தனையைச் சொன்னார். தீ செங்கம்மாளின் அடுப்பிலிருந்து வரவில்லை என்று அந்தப் பெரியவர் தன் கையால் எழுதிக் கொடுத்தால் அடுத்த பதிப்பில் சிங்கங்களை எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கேஸ் போட்டுக்கொள்ளுங்கள், கோர்ட்டில் என் அம்மா வந்து பூனையைப் பற்றிச் சொல்லட்டும். ஹரிஹரன் கோப்பை மூடிவைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். தாத்தா பேச ஒப்புக்கொண்டார் என்றார். அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். என்னைத் தவிர யாரைக் கூப்பிடுவது, வழி உனக்குத்தானே தெரியும் என்றார். கோபம் தீராமலே போனேன்.

காலை பதினோரு மணி. ஒன்பதாவது மாடி வெளிச்சத்தில் கண் கூசியது. சுவரில் அந்த வீட்டின் பழைய புகைப்படம் பெரிதாகச் சட்டமிட்டு மாட்டியிருந்தது. வாசுதேவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. யார் பெண் என்று கேட்டார். அக்கா சொன்னார்.

"வரதன் மவளா? நல்ல வேலக்காரனாச்சே வரதன்," என்றார்.

அக்கா பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். பெரியவர் அதைத் தொடவில்லை. அந்தக் காலம் அப்படி, எங்கேதான் எரியவில்லை என்றார். மறுபடி வீடு கட்டிக்கொள்ள மூங்கிலும் கீற்றும் தான்தான் கொடுத்ததாகச் சொன்னார். வாங்கிக்கொண்டவர்களைக் கேட்டுப் பார் என்றார். அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனதில் பெரியவர் தானாகவே வாயைத் திறந்தார்.

"உள்ள கொழந்த இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் வெளிய போயிட்டாங்க, யாரும் இல்லன்னுதான் அவனுங்க சொன்னானுங்க."

ஹரிஹரன் எழுந்து நின்றுவிட்டார். தாத்தா என்று மட்டும் சொன்னார். உள் அறைத் திரைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார். பிள்ளையை உள்ளே கூட்டிப் போங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்கா தாளையும் பேனாவையும் எடுத்துப் பையில் வைத்தார். எழுத வேண்டாம், சொன்னதே போதும் என்றார். சிங்கத்தை எடுத்துவிடுவாய்தானே என்று பெரியவர் கேட்டார். எழுதிக் கொடுத்தால்தான் என்றேனே என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பை மாட்டினார். லிஃப்டில் இறங்கும்போது அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு சொல் மாறாமல் போனில் எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

அதன் பிறகு நோட்டீஸைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹரிஹரன் எதையும் தொடரவில்லை. பிரதீபா இரண்டாம் பதிப்புக்குச் சம்மதித்தார். கடைசிப் பக்கத்தில் படம் எதுவும் இல்லாமல், 'அந்த வீட்டுக்காரர் எண்பத்தோரு வயதில் சொன்னது' என்று போட்டு அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் அக்கா வைத்தார். முதல் பிரதியைத் தன் கையாலேயே நாவலூரில் கொடுக்க வேண்டும் என்றிருந்தார். அது அச்சேறப் பதினோரு நாள் இருக்கும்போது வாசுதேவன் தூக்கத்தில் இறந்துபோனார். செய்தியைச் சொன்னபோது அக்கா கீபோர்டை ஓங்கித் தள்ளினார். இன்னும் பதினோரு நாள் இருந்து தொலைத்திருக்கக்கூடாதா என்றார். ஒரு சாவைக் கேட்டு இப்படி ஏமாந்து போன முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவரிடம் பயமாக இருந்தது. அவர் நினைப்பது நியாயம் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அன்று சாயங்காலமே கொன்றைக்கரணைக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். நானும் போயிருந்தேன். செங்கம்மாளுக்கு எழுபது வயது. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. படிக்கத் தெரியாது. முதல் பதிப்பு வந்ததிலிருந்து காலனிப் பிள்ளைகள் யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்து அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். இப்போது இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்தை ப்ரூஃப் தாளிலிருந்து அக்கா வாசித்தார். எனக்குத் தெரியாது, யாரும் இல்லை என்றார்கள் என்ற இடத்தில் அவர் அழுவார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா கொளுத்தியிருக்க மாட்டானாமா?" என்றார்.

வாயில் இருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

"அந்த ஏழு பேர்ல எத்தினி பேர் உசுரோட கீறானுங்க?"

"மூணு பேர்."

"வூடு தெரியுமா?"

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோப்பில் அதுவும் இருந்தது.

முதல் வீடு செங்கல்பட்டிலேயே, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். அக்காவும் நானும் போனோம். ஓய்வூதியம் வாங்கும் மனிதர், ஏதோ நன்கொடைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டார். புத்தகத்தைப் பிரித்தவர் சிங்கத்தைப் பார்த்ததும் மூடினார். மறுபடி பிரித்தார். அடுப்பு இருந்த பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். நீங்கள் போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னார். இரண்டாவது ஆள் திருக்கழுக்குன்றத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அட்டையைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டு, வியாபார நேரத்தில் கலாட்டா பண்ணினால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்று அக்கா கல்லாமேல் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தார். திரும்பிப் பார்த்தபோது கடையில் இருந்த இரண்டு பெண்கள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வீட்டுக்குத் தானும் வருவேன் என்று செங்கம்மாள் சொல்லிவிட்டார். மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த ஆள் மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருமுனைவரை டூரிஸ்ட் வண்டிகள் நின்றன. நாங்கள் கேட்டைத் திறக்கும்போது அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லோகநாயகி அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் வந்த செங்கம்மாளைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். போட்ட குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.

மருமகள் வெளியே வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மாமா தூங்குகிறார், அப்புறம் வாருங்கள் என்றார். உள்ளே டிவியில் ஏதோ கிரிக்கெட் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தூங்கட்டும்," என்றார் செங்கம்மாள். "எனக்கு இன்னா வேல கீது? எழுந்து வரட்டும்."

அந்தப் பெண் பாவம், வயதானவர் நிற்கிறாரே என்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். செங்கம்மாள் உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை. அரை மணி நேரம் போயிற்று. அக்கா புத்தகத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றார். செங்கம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகு முதல் வாக்கியத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கையில் புத்தகம் இல்லை. மகள் எழுதியதை எழுதியபடியே, அச்சுத் தமிழில், பிள்ளைகள் வகுப்பில் ஒப்பிப்பது போல் உரக்கச் சொன்னார். 'ஒரு ஊரில் அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஆறு வயது. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள்.' தெருவில் போன இரண்டு மூன்று பேர் கேட் பக்கம் நின்றார்கள். மருமகள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்கா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வாக்கியத்தில் உள்ளே டிவி சத்தம் நின்றது.